பிள்ளை தேடி வந்த பெற்றோரும் தாயைத் தேடி வரும் பிள்ளைகளும்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கும் ஐரோப்பியப் பயணிகளிடையே, தோற்றத்தில் எம்மவரைப் போன்றே இருந்தும் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு சொல்லும் அறியாத, நாற்பது வயதை அண்மித்த அல்லது கடந்த ஆண்களையும் பெண்களையும் கடந்த சில ஆண்டுகளாகக் காணக்கூடியதாக இருக்கிறது. அவர்களிற் பலர் கடற்கரையைப் பார்ப்பதற்காக வருபவர்கள் அல்லர். அவர்களது கைப்பையில் மஞ்சள் பூத்த சில தாள்கள் இருக்கும். ஒரு பிறப்புச் சான்றிதழ், நீதிமன்றக் கட்டளையின் பிரதி, தாய் என்று குறிப்பிடப்பட்ட ஒரு பெண்ணின் பெயரும் முகவரியும் என்பனவே அவர்களுக்கு இந்த நாட்டுடன் எஞ்சியுள்ள தொடர்பாகும். அந்த முகவரிக்குச் சென்று விசாரிக்கும்போது, அப்படியொரு பெண் அங்கு என்றுமே வாழ்ந்ததில்லை என்ற பதிலைப் பெற்றுத் திரும்பியவர்கள் பலர்.

இவர்களை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அழைத்துச் சென்றவர்களும் இதே விமான நிலையத்தின் ஊடாகவே வந்தார்கள். பிள்ளைப்பேறற்ற ஐரோப்பியத் தம்பதியர் ஆயிரக்கணக்கான மைல்கள் பயணம் செய்து, கொழும்பில் சில வாரங்கள் தங்கி, ஒரு குழந்தையைச் சட்டப்படி தமதாக்கிக்கொண்டு நாடு திரும்பினார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் நல்லெண்ணத்துடனேயே வந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அவர்களது கையில் ஒப்படைக்கப்பட்ட பத்திரங்கள் பல பொய்யானவை என்பது இன்று நிரூபணமாகியுள்ளது. இத்தகைய பயணம் சட்டத்தின் பார்வையில் எவ்வாறு அமைய வேண்டும், அது எங்கே தவறிப்போனது, இன்று எந்நிலையில் உள்ளது என்பனவற்றை எமது வாசகர்கள் அறிந்திருத்தல் அவசியம் எனக் கருதுகிறோம். புலம்பெயர்ந்து வாழும் எமது உறவினர்களும் இத்தகைய பயணங்களை மேற்கொள்ள முனைவதால் இது எமக்குத் தூரத்து விவகாரமன்று.

இலங்கையில் தத்தெடுத்தலை ஒழுங்குபடுத்தும் அடிப்படைச் சட்டம், 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்புச் செய்தல் கட்டளைச் சட்டமாகும். இது பிரதானமாக உள்நாட்டுக் குடும்பங்களை மனதிற்கொண்டு ஆக்கப்பட்டது. வெளிநாட்டவர் பெருந்தொகையாக இங்கு வந்து பிள்ளைகளைக் கேட்பார்கள் என்று அன்று எவரும் எண்ணியிருக்க நியாயமில்லை. ஆனால் 1960களின் பின்னர் மேற்கு நாடுகளில் நிலைமை மாறியது. கருத்தடை முறைகள் பரவின. திருமணமாகாத தாய்மார் தமது பிள்ளையைத் தாமே வளர்ப்பதற்குச் சமூகமும் அரச உதவிகளும் இடமளித்தன. அந்நாடுகளில் தத்துக்கொடுக்கப்படும் குழந்தைகளின் தொகை வீழ்ச்சியடைந்தது. குழந்தை வேண்டுவோரின் பார்வை தென்கொரியா, கொலம்பியா, பங்களாதேஷ், இந்தோனேசியா, இலங்கை போன்ற நாடுகளின் பக்கம் திரும்பியது.

எமது நாட்டிலோ வறுமையும் சமூகப் பழியும் ஒருங்கே இருந்தன. மணமாகாமற் கருவுற்ற ஒரு பெண்ணுக்குப் பெற்ற வீடும் இல்லை, ஊரும் இல்லை என்ற நிலை. பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு எவரும் அறியாமல் ஊர் திரும்பலாம் என்று ஒரு தரகர் கூறும்போது அதனை மறுத்துரைக்கும் நிலையில் அவள் இருக்கவில்லை. 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரமும் உல்லாசப் பயணத்துறையும் விரிவடைய, வெளிநாட்டவர் வந்துபோவதும் தங்குவதும் இலகுவாயிற்று. வைத்தியசாலை ஊழியர், சட்டத்தரணி, தரகர், விடுதி உரிமையாளர் எனப் பலர் இணைந்த ஒரு வியாபாரம் இவ்வாறு உருவானது. கருவுற்ற பெண்களையும் பிறந்த சிசுக்களையும் ஓரிடத்தில் வைத்து, வெளிநாட்டுத் தம்பதியருக்குக் காட்டித் தெரிவு செய்ய விட்ட ‘பிள்ளைப் பண்ணைகள்’ 1980களில் கண்டுபிடிக்கப்பட்டன. இவற்றின் விளைவாக, 1987 இல் வெளிநாட்டவருக்குப் பிள்ளைகளைத் தத்துக்கொடுப்பதை அரசாங்கம் இடைநிறுத்தியது.

இந்த வியாபாரத்தில் மிகவும் கொடுமையானது பணம் கைமாறியமை மாத்திரமன்று. பெற்ற தாய்க்குப் பதிலாக வேறொரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்தி, அவளே தாய் என நீதிமன்றத்திலும் வெளிநாட்டுத் தம்பதியர் முன்னிலையிலும் நிறுத்தினார்கள். அப்பெண் பிள்ளையைக் கையளிக்கும்போது எடுக்கப்பட்ட புகைப்படத்தை, இதுவே என்னைப் பெற்றவளின் முகம் என்று பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தவர்கள் பின்னர் மரபணுப் பரிசோதனையின் மூலம் உண்மையை அறிய நேர்ந்தது. பிறந்த குழந்தை இறந்துவிட்டதாக வைத்தியசாலையில் தம்மிடம் கூறப்பட்டது என்று சாட்சியம் அளித்த தாய்மாரும் உள்ளனர். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட பிள்ளைகளின் தொகை 11,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. இவர்களில் 3,000 பேருக்கு மேற்பட்டோர் நெதர்லாந்துக்குச் சென்றவர்கள். ஏனையோர் சுவீடன், சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, டென்மார்க், பிரித்தானியா முதலிய நாடுகளில் வளர்ந்தனர்.

இந்த அனுபவத்தின் பின்னணியிலேயே 1992 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. வெளிநாட்டவர் தனிப்பட்ட தரகர் மூலமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ குழந்தையைத் தேடிக்கொள்ளும் வழி இதனால் அடைக்கப்பட்டது. குழந்தையைத் தெரிவு செய்யும் அதிகாரம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. வெளிநாட்டவருக்கு வழங்கப்படும் பிள்ளை, அரச இல்லமொன்றிலோ பதிவு செய்யப்பட்ட சிறுவர் இல்லமொன்றிலோ உள்ள பிள்ளையாகவே இருத்தல் வேண்டும் என்றாயிற்று.

அடுத்த ஆண்டே, அதாவது 1993 மே மாதத்தில், நாடுகளுக்கிடையிலான தத்தெடுத்தல் தொடர்பான ஹேக் உடன்படிக்கை உருவானது. மூன்று நாடுகள் ஏற்புறுதி செய்தால் அது நடைமுறைக்கு வரும் என விதிக்கப்பட்டிருந்தது. மெக்சிகோவும் ருமேனியாவும் 1994 இல் ஏற்புறுதி செய்தன. மூன்றாவதாக 1995 ஜனவரியில் ஏற்புறுதி செய்த நாடு இலங்கை ஆகும். அதன் காரணமாகவே அந்த உடன்படிக்கை 1995 மே முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. மூன்று நாடுகளுமே பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடுகள் என்பது கவனிக்கத்தக்கது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் இதில் இணைந்துள்ளன.

இந்த உடன்படிக்கையின் சாரம் சிக்கலானதன்று. பிள்ளையைத் தன் சொந்தக் குடும்பத்தில் வைத்திருக்கவே முதலில் முயல வேண்டும். அது இயலாதவிடத்துச் சொந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் தேடப்பட வேண்டும். அதுவும் கைகூடாதவிடத்து மாத்திரமே வெளிநாட்டுக் குடும்பமொன்றைப் பற்றி எண்ணலாம். தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பின்னரே பெறப்பட வேண்டும்; அது பணத்தினாலோ வற்புறுத்தலினாலோ பெறப்பட்டதாக இருத்தலாகாது. அந்தச் சம்மதம் பெறப்படும்வரை தத்தெடுக்க விரும்புவோர் பெற்றோரைச் சந்திக்கக்கூடாது. உறவினரிடையிலான தத்தெடுத்தலுக்கு இதில் விலக்குண்டு. எவரும் இதனால் முறையற்ற இலாபம் பெறலாகாது. பிள்ளையின் பூர்வீகம் பற்றிய தகவல்கள், குறிப்பாகப் பெற்றோர் யாரென்ற விபரம், பேணிப் பாதுகாக்கப்பட வேண்டும். இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயமும், தன் பெற்றோரை இயன்றவரை அறிந்துகொள்ளும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்றே கூறுகிறது.

இவ்விதிகளின்படி இன்று ஒரு வெளிநாட்டுத் தம்பதியர் இலங்கையில் தத்தெடுக்க விரும்பினால் அவர்களது பயணம் விமானச்சீட்டு வாங்குவதில் ஆரம்பிப்பதில்லை. முதலில் அவர்கள் தமது நாட்டின் மத்திய அதிகாரபீடத்திடமோ அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடமோ விண்ணப்பிக்க வேண்டும். சமூக சேவையாளர் அவர்களது வீட்டுக்குச் சென்று, வருமானம், உடல்நலம், குடும்ப உறவு, தத்தெடுக்க விரும்புவதன் காரணம் என்பனவற்றை ஆராய்ந்து அறிக்கை தயாரிப்பார். அந்த அறிக்கை ஏனைய ஆவணங்களுடன் கொழும்பிலுள்ள ஆணையாளருக்கு அனுப்பப்படும். விண்ணப்பதாரர் திருமணமான தம்பதியராக, 25 வயதுக்குக் குறையாதவர்களாக, பிள்ளையிலும் பார்க்க 21 வயதேனும் மூத்தவர்களாக இருத்தல் வேண்டும். பின்னர் காத்திருப்புப் பட்டியலில் அவர்களது பெயர் சேர்க்கப்படும். இந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது.

பொருத்தமான பிள்ளை இருக்குமாயின், அப்பிள்ளை பற்றிய விபரங்கள் அவர்களுக்கு அனுப்பி வைக்கப்படும். பிள்ளையின் இன, மத, கலாசாரப் பின்னணியைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதும் உடன்படிக்கையின் நிபந்தனைகளுள் ஒன்று. தம்பதியர் சம்மதித்து, இரு நாட்டு அதிகாரபீடங்களும் உடன்பட்ட பின்னரே அவர்கள் இங்கு வர வேண்டும். கணவனும் மனைவியும் நேரில் வருதல் அவசியம். அவர்கள் பிள்ளை இருக்கும் இல்லத்துக்குச் சென்று பிள்ளையுடன் பழக வேண்டும். கொழும்பிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பம் விசாரிக்கப்படும்போது அவர்கள் அங்கு தோன்ற வேண்டும். நீதிமன்றம் கட்டளை பிறப்பித்ததும் அது பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் பதியப்படும். அதன் பின்னரே பிள்ளைக்குக் கடவுச்சீட்டும், செல்லவிருக்கும் நாட்டின் விசாவும் பெறலாம். உடன்படிக்கைக்கு அமைவாகத் தத்தெடுத்தல் இடம்பெற்றது என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஏனைய உறுப்பு நாடுகளில் அதற்குச் சட்ட அங்கீகாரத்தைப் பெற்றுத் தரும். நாடு திரும்பிய பின்னரும் பிள்ளையின் வளர்ச்சி பற்றிய அறிக்கைகள் தொடர்ச்சியாக இங்கு அனுப்பப்பட வேண்டும்.

ஒரு பிள்ளைக்காக இத்தனை அலைச்சலா என்று சிலர் அங்கலாய்ப்பதுண்டு. சில வாரங்கள் விடுதியில் தங்குவதும், ஒரு கையொப்பத்துக்காக அலுவலகத்துக்கு அலுவலகம் ஏறி இறங்குவதும், நீதிமன்றத் தவணை பிற்போடப்படும்போது மனம் சோர்வதும் இலகுவான அனுபவங்கள் அல்ல. எனினும் இந்த ஒவ்வொரு படிக்கும் பின்னால் 1980களில் நிகழ்ந்த ஒவ்வொரு மோசடி இருக்கிறது. இடைத்தரகர் மூலம் பிள்ளை விற்கப்பட்டதால் தெரிவு செய்யும் அதிகாரம் ஆணையாளரிடம் சென்றது. பிறக்குமுன்னரே தாயிடம் கையொப்பம் பெறப்பட்டதால் பிறந்த பின்னரே சம்மதம் என்ற விதி வந்தது. வளர்ப்புப் பெற்றோரைப் பிள்ளையுடனும் நீதிபதியுடனும் நேருக்கு நேர் நிறுத்துவது, பின்னொரு காலத்தில் பிள்ளை கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய சாட்சிகளாக அவர்களை ஆக்குவதற்காகவுமே ஆகும்.

இவ்விடத்தில் புலம்பெயர்ந்த எமது உறவுகளின் கவனத்துக்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டியுள்ளது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் ஒரு தம்பதியர் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள தமது சகோதரியின் பிள்ளையைத் தத்தெடுக்க விரும்பினால், அது குடும்பத்துக்குள் நடக்கும் விடயம், ஒரு நொத்தாரிசின் உறுதியோடு முடிந்துவிடும் என்று எண்ணிவிடுகிறார்கள். இது தவறு. ஹேக் உடன்படிக்கை பார்ப்பது குடியுரிமையையோ இனத்தையோ அன்று. எங்கே வழமையாக வசிக்கிறார்கள் என்பதையே. இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருப்பவராயினும் அவர் பிரித்தானியாவில் வசிப்பாராயின், இங்குள்ள பிள்ளையை அவர் தத்தெடுப்பது நாடுகளுக்கிடையிலான தத்தெடுத்தலே. பிரித்தானியாவின் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிய மதிப்பீடும் அங்கீகாரமும் பெறாமல் தத்தெடுக்கும் நோக்குடன் ஒரு பிள்ளையை அந்நாட்டுக்குள் கொண்டு வருவது தண்டனைக்குரிய குற்றமாகும். பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் பெயரை மாற்றி எழுதுவித்துப் பிள்ளையைக் கூட்டிச் செல்ல முற்படுவது அதிலும் பாரதூரமானது. மரபணுப் பரிசோதனை வழமையாகிவிட்ட இக்காலத்தில் அது வெளிப்படுவதற்கு அதிக நாள் எடுக்காது. அவ்வேளையில் பிள்ளை நடுத்தெருவில் நிற்க நேரிடும்.

தத்தெடுத்தல் பற்றிய எமது சமூகங்களின் மரபுகளையும் இங்கு நினைவுகூருவது பொருத்தம். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் சட்டமாக்கப்பட்ட தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரிடையே நிலவிய தத்தெடுக்கும் வழக்கத்தைப் பதிவு செய்துள்ளது. உற்றாரைச் சாட்சியாக வைத்து மஞ்சள் நீர் பருகிப் பிள்ளையை ஏற்றுக்கொள்வது அந்த வழக்கம். அது இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆனால் அதன் உட்பொருள் தெளிவானது. ஊரறிய நடப்பதே தத்தெடுத்தல். இன்னாரின் பிள்ளையை இன்னார் ஏற்றார் என்பதை அங்கு கூடிய அனைவரும் அறிவர்.

இஸ்லாம் இவ்விடயத்தில் இன்னும் தெளிவான எல்லையை வகுத்துள்ளது. அநாதைகளை ஆதரிப்பது பெரும் நன்மையாகப் போற்றப்படும் அதேவேளை, வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற பிள்ளையாகக் காட்டி வம்சத்தை மாற்றுவதை மார்க்கம் ஏற்பதில்லை. அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4 ஆம், 5 ஆம் வசனங்கள் இது பற்றிய வழிகாட்டல்களாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைத் (ரலி) அவர்கள், அதன் பின்னர் தம் தந்தையான ஹாரிஸாவின் பெயராலேயே அழைக்கப்பட்டார். வளர்ப்பவர் பிள்ளைக்கு உணவும் கல்வியும் அன்பும் வழங்குகிறார். பிள்ளையின் பூர்வீகம் பிள்ளைக்கே உரியதாக இருக்கிறது. வளர்ப்புப் பிள்ளை வாரிசாக மாட்டாது எனினும், சொத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் மரண சாசனம் மூலம் வழங்க முடியும். ‘கபாலா’ எனப்படும் இந்தப் பொறுப்பேற்பு முறையை, சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20 ஆம் உறுப்புரை பெயர் குறிப்பிட்டு அங்கீகரித்துள்ளது. தமிழர் மரபும் இஸ்லாமிய நெறியும் வெவ்வேறு வழிகளில் வந்தாலும், பிள்ளையின் பிறப்பை மறைக்கலாகாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. நவீன சர்வதேசச் சட்டம் நீண்ட தவறுகளின் பின்னரே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அனர்த்தங்களின்போது இந்த எல்லைகள் இலகுவில் மறக்கப்படுகின்றன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர், அநாதைகளைத் தத்தெடுக்க வெளிநாடுகளிலிருந்து பலர் ஆர்வம் காட்டினர். அதற்கு இடமளிக்கப்படாமல், பெற்றோரை இழந்த பிள்ளைகளிற் பெரும்பாலானோர் உறவினரின் பொறுப்பிலேயே விடப்பட்டனர். அவர்களது பராமரிப்பு தொடர்பாக 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டமும் கொண்டுவரப்பட்டது. அதே காலத்தில் கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட ஒரு சிசுவின் பெற்றோர் யார் என்ற கேள்வி, நீதிமன்றத்தின் உத்தரவுக்கமைய நடத்தப்பட்ட மரபணுப் பரிசோதனையினால் 2005 பெப்ரவரியில் தீர்க்கப்பட்டு, குழந்தை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவசரப்படாமல் இருந்ததன் பயன் அது. மாறாக, 2007 இல் சாட் நாட்டிலிருந்து 103 பிள்ளைகளை டார்பூர் அநாதைகள் எனக் கூறி விமானமேற்ற முயன்ற பிரெஞ்சுத் தொண்டர்கள் கைதானபோது, அப்பிள்ளைகளிற் பெரும்பாலானோர் சாட் நாட்டவர் என்பதும் அவர்களுக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர் என்பதும் தெரியவந்தது.

இன்று உலகளாவிய ரீதியில் நாடுகளுக்கிடையிலான தத்தெடுத்தல் வேகமாகக் குறைந்து வருகிறது. 2004 இல் இவ்வாறு நாடு மாறிய பிள்ளைகள் 45,000 பேருக்கு மேல். அமெரிக்காவுக்கு மாத்திரம் அவ்வாண்டில் ஏறத்தாழ 23,000 பிள்ளைகள் சென்றனர். 2023 நிதியாண்டில் அத்தொகை 1,275 ஆக வீழ்ந்தது. 1992 முதல் 160,000 இற்கும் அதிகமான பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு வழங்கிய சீனா, 2024 செப்டெம்பரில் உறவினர் தத்தெடுக்கும் சில சந்தர்ப்பங்கள் தவிர அதனை நிறுத்துவதாக அறிவித்தது.

பெறும் நாடுகளும் பின்வாங்குகின்றன. இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து 1967 முதல் 1998 வரை இடம்பெற்ற தத்தெடுத்தல்களை ஆராய்ந்த நெதர்லாந்தின் விசாரணைக் குழு, முறைகேடுகள் கட்டமைப்பு ரீதியானவை என்றும் அந்நாட்டு அரசாங்கம் அவற்றை அறிந்தும் தகுந்த நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் 2021 பெப்ரவரியில் அறிக்கையிட்டது. அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. 2024 மே மாதத்தில், இம்முறையை முடிவுறுத்தப்போவதாகவும் அது தெரிவித்தது. இலங்கைப் பிள்ளைகள் தொடர்பில் தனது தவறுகளுக்காக 2020 டிசம்பரில் வருத்தம் தெரிவித்த சுவிற்சர்லாந்து அரசாங்கம், வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தத்தெடுப்பதைத் தடைசெய்யும் எண்ணத்தை 2025 ஜனவரியில் வெளியிட்டது. சுவீடனின் விசாரணை ஆணைக்குழுவும் 2025 ஜூனில் இதே போன்ற பரிந்துரையைச் செய்தது. தென்கொரியாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, பொய்ப் பத்திரங்கள் மூலம் பிள்ளைகள் அனுப்பப்பட்டதை 2025 மார்ச்சில் உறுதிப்படுத்தியது.

கதவுகளை மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்ற கேள்வி நியாயமானது. நோயுற்ற, மாற்றுத்திறனுடைய, அல்லது வயது கூடிய பிள்ளைகளை ஏற்க உள்நாட்டில் எவரும் முன்வராதபோது, கடல் கடந்து வரும் ஒரு குடும்பம் அவர்களுக்குப் புதுவாழ்வு தரக்கூடும். அவ்வாறு அன்புடன் வளர்க்கப்பட்டோர் பலர் உள்ளனர். அவர்களது வளர்ப்புப் பெற்றோரை ஒட்டுமொத்தமாகக் குற்றவாளிகளாகக் காண்பது அநீதியாகும். ஆனால், இலங்கையின் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ இருவருமோ உயிருடன் இருக்கின்றனர். வறுமையும், தாய் வெளிநாடு செல்வதும், குடும்பப் பிரிவும் அவர்களை அங்கு கொண்டுவந்து சேர்த்துள்ளன. அவர்களுக்குத் தேவைப்படுவது புதிய பெற்றோர் அல்லர். சொந்தப் பெற்றோர் தம்மைச் சோறு போட்டு வளர்ப்பதற்கான உதவியே. இந்த உண்மையை மறந்து, இல்லத்திலுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் அநாதை என்று அழைப்பதை முதலில் நாமே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எஞ்சியிருப்பது கடந்த காலத்தின் கடன். 2017 செப்டெம்பரில் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் ‘ஸெம்ப்லா’ நிகழ்ச்சி இந்த முறைகேடுகளை மீண்டும் வெளிக்கொணர்ந்தபோது, அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அவை நடந்தமையை ஒப்புக்கொண்டு, பிள்ளைகளும் தாய்மாரும் ஒருவரையொருவர் கண்டறிய மரபணுத் தரவு வங்கியொன்றை அமைப்பதாக உறுதியளித்தார். ஆயினும் இன்றும் தேடி வருவோர் பெரும்பாலும் தன்னார்வலர்களையும் வெளிநாட்டுத் தனியார் மரபணு நிறுவனங்களையுமே நம்பியிருக்கிறார்கள். அந்நிறுவனங்களில் ஐரோப்பாவிலுள்ள பிள்ளையின் மாதிரி இருக்கலாம். கிராமத்திலுள்ள முதிய தாயின் மாதிரி அங்கு எவ்வாறு இருக்கும்? அரசாங்கம் முன்வந்து, இலவசமாகவும் இரகசியமாகவும் அதற்கு வழி செய்தாலன்றி அந்தத் தாய் எங்கும் சென்று பதியப் போவதில்லை.

இரகசியம் என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே குறிப்பிடுகிறோம். பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பின்னர் மணமுடித்து, கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் அந்த நினைவைச் சுமந்து வாழும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் தொலைக்காட்சிக் கமராவுடன் வாசலில் வந்து நிற்பது அவர்களுக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதியாகிவிடும். ஆகவே பயிற்றப்பட்ட அலுவலர்கள் இடையில் நின்று, முதலில் தாயின் விருப்பத்தை அறிந்து, தமிழ் பேசும் தாயுடன் தமிழிலேயே உரையாடி, அவள் சம்மதித்தால் மாத்திரம் சந்திப்பை ஒழுங்கு செய்ய வேண்டும். பழைய வைத்தியசாலைப் பிரசவப் பதிவேடுகளும், நீதிமன்றக் கோப்புகளும், பதிவாளர் நாயகத்தின் ஏடுகளும் கறையானுக்கு இரையாகுமுன் பாதுகாக்கப்பட்டு, உரியவர்கள் பார்வையிட வழிசெய்யப்பட வேண்டும். இதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கை, தவறை ஒப்புக்கொண்டுள்ள ஐரோப்பிய அரசாங்கங்களிடம் கேட்டுப் பெறுவதற்கு எமது அரசாங்கம் தயங்க வேண்டிய அவசியமில்லை.

காலம் அதிகமில்லை. 1980 இல் இருபது வயதில் பிள்ளையைப் பெற்ற தாய்க்கு இன்று அறுபத்தைந்து வயதுக்கு மேலாகிறது. அன்று கடமையாற்றிய மருத்துவிச்சிகளும் எழுதுவினைஞர்களும் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். இன்னும் பத்து ஆண்டுகள் கழிந்தால், கட்டுநாயக்கவில் வந்திறங்குபவர் கொண்டுவரும் தாளில் உள்ள பெயர் உண்மையா பொய்யா என்று சொல்வதற்கும் எவரும் இருக்க மாட்டார்கள். ஹேக் உடன்படிக்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்த மூன்றாவது நாடு என்ற பெருமை எமக்குண்டு. அந்த உடன்படிக்கை பிள்ளைக்கு வாக்களித்துள்ள பூர்வீகத்தை, அதற்கு முன்னர் அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கும் இயன்றவரை மீட்டுக் கொடுப்பது அப்பெருமைக்கு உரிய கடமை என்பதை உரியவர்கள் உணர்ந்து செயற்பட வேண்டும் என வலியுறுத்துகிறோம்.